மரபணு மாற்றுக் கத்தரியும் பாலாற்று வட்டாரமும்

வேறோர் உயிரினத்தின் மரபணுவை ஆய்வகத்தில் புகுத்தி உருவாக்கும் பயிரே மரபணு மாற்றுப் பயிர். இந்தியாவில் சட்டப்படி வணிக அளவில் விளைவது 2002 மார்ச்சில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி ஒன்றுதான். உணவுப் பயிர்களில் அனுமதியின் வாசல்வரை முதலில் வந்து நின்றது பி.டி. கத்தரி. அந்த விவாதத்தில் வேலூர் மாவட்டத்துக்கு நேரடி அக்கறை உண்டு.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது பள்ளிகொண்டா. இதையொட்டிய அணைக்கட்டு வட்டாரத்தில் விளைவது இலவம்பாடி முள்ளுக்கத்தரி. தண்டிலும் இலையிலும் காம்பிலும் முள் இருக்கும். 2023இல் வேலூர் முள்ளுக்கத்தரி என்ற பெயரில் இது புவிசார் குறியீடு பெற்றது. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய்தான் துணை என்பதால், இந்தக் காய்க்கு ஊரில் தனி மதிப்பு.

கத்தரியின் பெரும்பகை காய்ப்புழு. முட்டையிலிருந்து வெளிவந்த புழு தண்டையோ காயையோ துளைத்து உள்ளே போய்விட்டால் மருந்து அதை எட்டாது. அதனால் புழு நுழையுமுன் கொல்ல வேண்டும் என்று உழவர் திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார். பறிக்கும் பருவத்திலும் அடிக்க நேர்கிறது. அந்த நஞ்சு முதலில் சேர்வது தெளிப்பவரின் உடலில். பி.டி. கத்தரியின் மெய்யான நன்மை இங்கேதான். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணு, செடிக்குள்ளேயே ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அது கரைந்து, குடற்சுவரைத் துளைத்துப் புழுவைக் கொல்கிறது. 2013இல் அனுமதி தந்த வங்கதேசத்தில் பூச்சிமருந்துச் செலவு குறைந்தது, விளைச்சல் கூடியது என்று கள ஆய்வுகள் காட்டின.

பி.டி. கத்தரியை உருவாக்கியது மஹிகோ நிறுவனம். கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதே மரபணுவைக் கோ 2, எம்.டி.யு. 1 உள்ளிட்ட நம் ரகங்களில் ஏற்றியது. இவை வீரிய ஒட்டு அல்ல, ரகங்கள். விதையை உழவரே எடுத்து வைத்துக்கொள்ள முடியும். கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

2009 அக்டோபர் 14 அன்று மத்திய மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்கு அனுமதி தரலாம் என்று பரிந்துரைத்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். சார்பற்ற பரிசோதனை போதவில்லை என்று சொல்லி, 2010 பிப்ரவரி 9 அன்று தற்காலிகத் தடை விதித்தார். கேடு வரக்கூடும் என்றால் முழுச் சான்றுக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை அவர் துணைக்கு அழைத்தார்.

அந்தக் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது தோல்பட்டறைகள் நிறைந்த இந்தப் பாலாற்று வட்டாரத்தால்தான். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல்பட்டறைக் கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றும் சொன்னது. பாலாற்று மண் கொடுத்த விலை அது. ஆகவே, புது விதையை விற்பவர் முதலில் சோதித்துக் காட்டட்டும் என்று இங்குள்ளவர் கேட்பதை அறிவியல் எதிர்ப்பு என்று தள்ளுவது தவறு.

அபாயங்கள் கற்பனை அல்ல. பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டதாக 2010இல் குஜராத்திலிருந்து செய்தி வந்தது; பின்னர் இரண்டு மரபணு கொண்ட பருத்தியையும் அது வென்றது. சுற்றிலும் பி.டி. அல்லாத செடிகளை நட வேண்டும் என்ற விதியைப் பலர் கடைப்பிடிக்கவில்லை. கத்தரியில் இன்னொரு கவலையும் உண்டு: பூச்சிகள் மகரந்தத்தைப் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும். நாட்டுக் கத்தரிகளின் பன்மை மிகுந்த நாடு நம்முடையது. முள்ளுக்கத்தரி விதையைத் தன் வயலிலேயே எடுப்பவருக்கு, கலப்பு என்பது குறியீட்டோடு சேர்த்து விலையையும் இழப்பது. உணவால் உடல்நலக் கேடு வரும் என்ற அச்சத்துக்கு இதுவரை வலுவான சான்று இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதிக்கத்தான் வேண்டும்.

இதிலிருந்து வேறுபட்ட ஒரு வழியும் இப்போது வந்திருக்கிறது: 2025 மே மாதம் பூசா டி.எஸ்.டி. நெல் 1 அறிவிக்கப்பட்டது. அயல் மரபணு இல்லாமல், நெல்லின் சொந்த மரபணுவைத் திருத்தி உருவாக்கிய ரகம் இது. உப்பு நிலத்தையும் தாங்கும் என்கிறார்கள். உப்பேறிய கிணறுகளை நம்பியிருக்கும் பாலாற்று உழவருக்கு இது பயன்படலாம், இந்த மண்ணிலேயே வைத்துப் பார்த்த பிறகு. தோல் பதனிடும் கழிவால் மண்ணில் தங்கிய குரோமியத்தை நீக்குவது அந்த நெல்லின் வேலை அல்ல; அது தோல் தொழிற்சாலைகளும் அரசும் செய்ய வேண்டியது.