ரெட்டினாயிக் அமிலமும் கருப்பைப் புற்றணுக்களும்

ரெட்டினாயிக் அமிலம், உடலில் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் வழிப்பொருள். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் கருப்பை உள்வரிப் புற்றணுக்களுடன் இதைச் சேர்த்தால் சில வகைகளில் பெருக்கம் தணிகிறது. அணுக்களின் உருவமும் மாறுகிறது.

வரலாறு: வைட்டமின் ஏ-யை 1913இல் மெக்காலம்–டேவிஸ் இணையும் ஆஸ்போர்ன்–மெண்டல் இணையும் அடுத்தடுத்து அறிவித்தனர். முதலில் கண்டவர் யார் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

இச்சத்துக்கும் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் உள்ள தொடர்பு எலிக் கூண்டுகளில்தான் தெரியவந்தது. பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கொரு முறை சினைப்பருவம் வரும். யோனிக் கசிவைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தால் அப்போதுதான் தடித்த, உட்கருவற்ற செதில் அணுக்கள் நிறைந்திருக்கும். வைட்டமின் ஏ இல்லாத தீனி உண்ட எலிகளிலோ அதே செதில்கள் நாள்தோறும் தென்பட்டதை 1922இல் எவான்ஸும் பிஷப்பும் பதிவு செய்தனர். பிறகு இந்தச் சில்லே சத்துக் குறைவை அளக்கும் சோதனையானது. 1925இல் வோல்பாக்கும் ஹோவும் கருப்பை உள்ளிட்ட பல உறுப்புகளின் உள்வரி, தோலைப் போலக் கெரட்டின் படிந்து தடிப்பதைக் காட்டினர்.

ரெட்டினாயிக் அமிலத்தை 1946இல் நெதர்லாந்தில் ஆரென்ஸும் வான் டார்ப்பும் செயற்கையாகத் தயாரித்தனர். வைட்டமின் ஏ-க்குப் பதிலாக அதை மட்டுமே தீனியில் பெற்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தும் பார்வை இழந்தன என்பது 1960இல் டவ்லிங், வால்டு ஆகியோரின் முடிவு. அவ்வாறு வளர்ந்த பெண் எலிகளின் கரு நிலைக்கவில்லை என்பது 1964இல் தெரிந்தது.

இந்தியாவிலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜே. கங்குலியின் குழு 1960களில் இவ்வமிலத்தை ஆராய்ந்தது. மைசூரு செலுவாம்பா மாளிகையில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளில் கீரைகளிலுள்ள கரோட்டினாய்டுகளும் அடங்கும். அவற்றில் பீட்டா கரோட்டின் போன்ற சிலவற்றை உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது.

உயிரணு ஆய்வுகள்: ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பிகள் 1987இல் கண்டறியப்பட்டன. அணுவின் உட்கருவில் இருந்தபடி எந்த மரபணு இயங்க வேண்டும் என்பதை இவை கட்டுப்படுத்துகின்றன. ஒளி பட்டால் அமிலம் சிதையும் என்பதால் மங்கிய மஞ்சள் விளக்கின் கீழ் இதைக் கையாள்வது வழக்கம். 1983இல் விவரிக்கப்பட்ட ‘ஆர்எல்95-2’ என்ற கருப்பை உள்வரிப் புற்றணு வகையில், அமிலம் சேர்ந்தபின் அணுவுக்குச் சட்டகமாக நிற்கும் ஆக்டின் இழைகள் இடம்மாறி அமைந்ததாக 1990களின் ஆய்வுகள் கூறுகின்றன. இது இயல்புநிலைக்குத் திரும்புதல் என்று ஆய்வாளர்கள் கருதினர். வெறும் உருவ மாற்றமாகவும் இருக்கலாம்.

மருத்துவம்: ஒருவகை ரத்தப் புற்றுக்கு இவ்வமிலம் பலன் தருவதை 1988இல் ஷாங்காய் மருத்துவர்கள் வெளியிட்டனர். கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய இடைநிலை மாற்றம் கொண்டவர்களிடையே, இதைப் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் முழுமையாகக் குணமானது (1994). கடுமையான மாற்றத்தில் வேறுபாடு தெரியவில்லை. கருப்பை உள்வரிப் புற்றுக்கு இது வழக்கமான சிகிச்சையாக இல்லை.