முழவின் மண்ணும் மிருதங்கக் கரணையும்

சங்கப் பாடல்கள் மண் பூசப்பெற்ற முழவினைச் சுட்டுகின்றன. புறநானூற்றின் 65ஆம் பாடலும் பொருநராற்றுப்படையும் இதற்குச் சான்றாகும். உரைகாரர் இம்மண்ணை மார்ச்சனை என விளக்குவர். இதுகொண்டு, இன்றைய மிருதங்கக் கரணையின் அதிர்வியலைச் சங்கத் தமிழர் அறிந்திருந்தனர் எனத் துணிவாரும் உளர். இத்துணிபை ஆராய, கரணை செய்யும் பணி யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

ஒரு பொருளின் இயல்பதிர்வெண்ணோடு புறத்திலிருந்து வரும் அதிர்வு ஒன்றுமாயின் அப்பொருள் மிகுந்தொலிக்கும், இதுவே ஒத்ததிர்வு. நரம்பின் இயல்பதிர்வெண்கள் 1, 2, 3 என முழுவெண் விகிதத்தில் அமைவதால் அது சுருதியோடு எளிதில் இயையும். வட்டத் தோலுக்கோ இவ்வொழுங்கு இல்லை. சீரான தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 எனச் செல்லும். ஆதலின் வெறுந்தோல் முழங்குமேயன்றி, ஒரு சுரத்தில் தெளிவுற நிற்பதில்லை.

இந்தியத் தோற்கருவிகள் இதற்கு விலக்காதலைச் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 1920இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். 1934இல் எழுதிய விரிவான கட்டுரையில், தோலின்மேல் மணல் தூவி அசையாக் கோடுகளைக் கண்டு, ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவொலிகளுள் அடங்குவதை நிறுவினார். நடுவிலுள்ள கரணையின் பாரம் அடிப்படை அதிர்வைப் பெரிதும் தாழ்த்துகிறது. நடுப்பகுதி அசையாதிருக்கும் அடுத்த முறையை அத்துணைத் தாழ்த்துவதில்லை. இதனால் 1.59 என்ற விகிதம் 2 ஆக உயர்கிறது. கிட்டக்கல் தூளையும் சோற்றையும் குழைத்துப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றும் கைவினைஞர், இவ்விகிதத்தைச் செவியாலேயே அளந்தனர் என்பது வியத்தற்குரியது.

பழைய மண்ணும் இதனைச் செய்ததா? நாட்டிய சாத்திரமும் ஆற்றங்கரை மண்ணை மார்ச்சனைக்கு உரியதாக்கி, அதனைச் சுரம் சேர்த்தலோடு தொடர்புறுத்துகிறது. ஆயின் பாரம் ஏற்றிச் சுரத்தைத் தாழ்த்துதல் வேறு. மேலொலிகளை முழுவெண் விகிதத்தில் நிறுத்துதல் வேறு. முன்னதற்கு எவ்வகைப் பூச்சும் போதும். பின்னதற்கு நடுவில் தடித்து விளிம்பு நோக்கி மெலியும் பாரம் வேண்டும். மிருதங்கத்தின் இடந்தலையில் கச்சேரிக்குமுன் அப்பி, முடிந்ததும் சுரண்டியெடுக்கும் ரவைப் பூச்சே பழைய மண்ணுக்கு நெருங்கியது எனக் கருதுகிறேன். நிலைத்த கரணையை அம்மண்ணோடு ஒன்றாக்கற்குப் பூச்சின் இடமும் தடிப்பும் பேசும் சான்று வேண்டும். மேற்காட்டிய இரு பாடல்களிலும் அது இல்லை.