மதத்தின் குரல் யாருடைய குரல்? பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் கருக்கலைப்பு, கருணை மரணம், திருமணம் பற்றிய அரசியல்

கேரளத்தின் கிழக்கு எல்லையில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழும் பாலக்காட்டுச் சமவெளியும் இடுக்கி மலைத்தோட்டங்களும், பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றில் மதமும் அரசும் ஒன்றையொன்று எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை ஆராய ஏற்ற களங்களாகும். 1956இல் கேரள மாநிலம் உருவாகும்வரை பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியின் ஆட்சிப் பரப்பிலும் இருந்தன. பாலக்காட்டின் அக்கிரகார அந்தணர், ஹனஃபி வழியைப் பின்பற்றும் ராவுத்தர், மலைத்தோட்ட லயங்களில் (வரிசைக் குடியிருப்புகளில்) வாழும் தலித் இந்துக்கள், தென்னிந்தியத் திருச்சபையினர், இலத்தீன் கத்தோலிக்கர் எனத் தமிழரிடையே பல சமய மரபுகள் உள்ளன. இவர்களுக்கு அருகிலேயே மலைநாட்டில் குடியேறிய மலையாளச் சீரோ மலபார் கத்தோலிக்கர் வலுவான அமைப்புடன் வாழ்கின்றனர். இத்தகைய நிலப்பரப்பில் ஒரு மதக் கருத்து அரசியல் எடை பெறுவது அதன் இறையியல் ஆழத்தால் அன்று, அதை எடுத்துச் சொல்லும் நிறுவனத்தின் வலுவால்தான் என்பதும், ஆகவே சட்டச் சீர்திருத்தம் மதத்தை ஒதுக்காமலும் மதத் தலைமையை மட்டுமே மதம் என்று கொள்ளாமலும் மரபுகளுக்குள் இருக்கும் பன்மையோடு வாதிட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்திற்கு வலுவான சான்று பாலக்காட்டிலேயே கிடைக்கிறது. 1915இல் அங்குள்ள வைத்தியநாதபுரத்தில் பிறந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சராகவும், பின்னர் கேரள உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். 1970இல் கேரள உயர்நீதிமன்றத்தில் ஒரு ராவுத்தர் குடும்பத்தின் மணவிலக்கு வழக்கை அவர் விசாரித்தார். ஏறத்தாழ பதினைந்து வயதில் மணமுடிக்கப்பட்டுச் சிறிது காலத்திலேயே பிறந்தகம் திரும்பிய பெண்ணுக்குக் கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்புச் செலவு தரவில்லை. பிரிவுக்கு அவளே காரணமாயினும் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் மணமுறிவுச் சட்டப்படி அவள் விடுதலை கோரலாமா என்பதே கேள்வி. கோரலாம் எனத் தீர்ப்பளித்த அவர், தலாக் சொல்லிக் கணவன் மனைவியைத் தன் விருப்பப்படி உடனே விலக்கிவிடலாம் என்னும் பரவலான நம்பிக்கை இஸ்லாமிய நெறிக்கு ஒத்ததன்று என்றும் எடுத்துரைத்தார். அக்கருத்தை 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்சநீதிமன்றம் எடுத்தாண்டது; 2017இல் முத்தலாக் செல்லாதென அறிவிக்கப்பட்டதற்கு முன்னோடியாக அமைந்த தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

அதே கிருஷ்ணய்யர் தலைமையேற்ற இரு குழுக்களின் கதி வேறாக இருந்தது. குணப்படுத்த இயலாத நோயாளிகளுக்குக் கருணை மரணத்தை அனுமதிக்க வேண்டும் என்று கேரளச் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது; மூன்றாம் குழந்தை பெறும் தம்பதியருக்கு அபராதமோ மூன்று மாதச் சிறையோ விதிக்கும் வரைவை, பெண்கள், குழந்தைகள் நலன் குறித்த குழு 2011இல் முன்வைத்தது. கத்தோலிக்க ஆயர்களும் முஸ்லிம் அமைப்புகளும் கடுமையாக எதிர்க்க, இரண்டாவது வரைவு சட்டமன்றத்தையே எட்டவில்லை. அவரது 1970ஆம் ஆண்டுத் தீர்ப்பு மத நூல்களுக்குள் நுழைந்து, அவற்றின் சொற்களைக் கொண்டே பெண்ணின் உரிமையை நிறுவியது; மூன்றாம் குழந்தை பற்றிய வரைவோ மக்கள்தொகைக் கணக்கையும் அரசின் தண்டனை அதிகாரத்தையும் முன்னிறுத்தியது. பிள்ளை பெறச் சொல்லி வற்புறுத்துவது எப்படி உடல் உரிமைக்கு எதிரானதோ, பெறாதே என்று சிறைக்கு அனுப்புவதும் அப்படியே எதிரானது என்பதால், அன்று திருச்சபை எழுப்பிய எதிர்ப்பில் நியாயத்தின் ஒரு கூறும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மதத் தலைமையின் குரலையே மதமாகக் கொள்ளும் குழப்பம் கருக்கலைப்பு குறித்த விவாதத்திலும் தொடர்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம்வரை இரு மருத்துவர்களின் கருத்தோடும் கருவைக் கலைக்க அனுமதிக்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும், கணவரின் கையெழுத்து தேவையில்லை. 2022 செப்டம்பர் 29இல் உச்சநீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் இவ்வுரிமையில் வேறுபாடு காட்டக் கூடாதென்றது. கத்தோலிக்கப் போதனை கருவுற்ற கணமே மனித உயிர் தொடங்குவதாகக் கொண்டு கருக்கலைப்பை முற்றிலும் மறுக்கிறது. இஸ்லாமியச் சட்ட மரபோ ஒரே குரலில் பேசுவதில்லை: கருவில் உயிர் ஊதப்படுவது 120 நாளில் என்று கொண்டு, அதற்கு முன் தக்க காரணத்தோடு கலைப்பதை ஹனஃபி அறிஞர் பலர் அனுமதித்துள்ளனர், கேரள மாப்பிளா முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் இதுபற்றிக் கருத்து வேறுபாடு மிகுதி. பாலக்காட்டு ராவுத்தர் ஹனஃபி வழியினர் என்பதால், முஸ்லிம் நிலைப்பாடு என்று ஒன்றை அரசியல் மேடையில் அறிவிப்பது ஒரே மாவட்டத்திலேயே பொருந்தாமற் போகிறது. இந்து தர்ம நூல்கள் கருவழித்தலைப் பெரும்பாவமாகக் கூறினாலும், அத்தடையை அரசியல் கோரிக்கையாக்கும் மைய நிறுவனம் அச்சமயத்திற்கு இல்லை.

பிறப்பு பற்றிய மத அக்கறை அரசியலில் எண்ணிக்கை அக்கறையாக எளிதில் மாறிவிடுவதற்கு, இடுக்கிக்கு அண்டையிலுள்ள பாலா மறைமாவட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கு 2021இல் அறிவித்த உதவித் திட்டம் எடுத்துக்காட்டு. ஆனால் உயிரின் புனிதம் என்னும் கோட்பாடு முழுமையாகப் பொருள் பெற வேண்டுமாயின், பாலக்காட்டின் அட்டப்பாடியில் தாய்மாரின் சத்துக்குறைவோடு தொடர்புடையனவாக 2013இல் நாட்டின் கவனத்துக்கு வந்த பழங்குடிப் பச்சிளங்குழந்தைகளின் இறப்புகளும் அதே தீவிரத்தோடு பேசப்பட்டிருக்க வேண்டும். அங்கு வாழும் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் தெய்வங்களுக்கு ஆயர் மன்றமோ ஜமாஅத்தோ இல்லை. அவர்தம் இழப்பு சுகாதாரத் துறைக்குரிய செய்தியாக மட்டுமே கருதப்பட்டது.

இறப்பைப் பற்றிய விவாதத்தில் மதங்களுக்கிடையே ஒருமைப்பாடு அதிகம். மருந்து செலுத்தி உயிரைப் போக்கும் செயலும், பயனற்ற சிகிச்சையை விலக்கி இயற்கையான இறப்புக்கு இடம்விடுவதும் வெவ்வேறு. பின்னதை வாடிகனின் 1980ஆம் ஆண்டு அறிக்கை ஏற்கிறது. வீண் சிகிச்சை கடமையன்று என்னும் கருத்து இஸ்லாமிய அறிஞரிடையிலும் உண்டு. உண்ணாதிருந்து உயிர்துறக்கும் வடக்கிருத்தலும் பிராயோபவேசமும் தமிழ், வடமொழி மரபுகளில் அறியப்பட்டவை. வாழ்வு நிறைவடைந்ததாகக் கூறித் தாமே உயிர்துறக்க அனுமதி கேட்ட ஓய்வுபெற்ற ஆசிரியரின் மனுவைக் கேரள உயர்நீதிமன்றம் 2000இல் தள்ளியது. ஆனால் சிகிச்சை விலக்கலையும் அதற்கான முன்விருப்ப ஆவணத்தையும் 2018 மார்ச் 9இல் உச்சநீதிமன்றம் ஏற்று, 2023இல் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் சான்றொப்பம் பெறலாம் என்றது. 2008 முதல் வலிதணிப்பு சிகிச்சைக் கொள்கையையும் உள்ளாட்சி வழி வீட்டுப் பராமரிப்பையும் கொண்டுள்ள கேரளம் இதற்கு ஏற்ற நிலம். எனினும் தென் தமிழகத்தில் முதியோரை எண்ணெய்க் குளியலால் கொல்லும் தலைக்கூத்தல் வழக்கம் நினைவூட்டுவது போல, குடும்பத்தின் வறுமை நோயாளியின் விருப்பமாக வேடமிட்டு வரலாம் என்ற சமயத் தலைவர்களின் அச்சம் வெறும் பழமைவாதமன்று. அவ்வச்சத்திற்கு விடை தடையன்று. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூணாறு தொழிலாளிக்கு அவ்வாவணம் தமிழில் கிடைப்பதும், அதன் ஒவ்வொரு வரியும் அவருக்கு விளக்கப்படுவதுமே விடை.

திருமணத்தில் மதத்தின் அரசியல் விளைவு மிகக் கூர்மையாகத் தெரிகிறது. 2021இல் பட்டியல் சாதியினருக்கான தேவிகுளம் தனித் தொகுதியில் வென்று தமிழில் உறுதிமொழி ஏற்ற அ.ராஜாவின் தேர்தலைக் கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாதென்றது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரே பட்டியல் சாதியினர் ஆக முடியும் என்பதால், அவர் கிறித்தவரா என்பதே வழக்கு. திருமண ஒளிப்படங்களில் மணமக்கள் உடுத்திய உடையும், திருச்சபையின் ஞானஸ்நான, குடும்பப் பதிவேடுகளும் நீதிமன்றத்தில் சான்றுகளாக அலசப்பட்டன. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து அவரது வெற்றியை உறுதிப்படுத்தியது. குலதெய்வ வழிபாடும் தேவாலயமும் ஒரே உறவினர் வட்டத்திற்குள் கலந்து வாழும் தோட்டங்களில், ஒரு குடும்பத்தின் மதம் யாருடைய பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளது என்பது ஒருவரின் அரசியல் உரிமையையே தீர்மானிக்கக்கூடும் என்பதை இவ்வழக்கு காட்டியது. மறுபுறம் மதம் கடந்த திருமணத்தை அச்சுறுத்தலாகக் காட்டும் பிரச்சாரம் நிறுவனங்கள் வழியே பரவுகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன் இடுக்கி மறைமாவட்டம் மறைக்கல்வி மாணவர்க்கு ‘தி கேரளா ஸ்டோரி’ திரைப்படத்தைக் காட்டியது இதன் பகுதியே. மாநில எல்லையும் வேறுபாடு செய்கிறது: புரோகிதரின்றி மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணத்தை 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் செல்லத்தக்கதாக்கியது, எல்லையிலுள்ள போடிமெட்டையோ வாளையாற்றையோ தாண்டிக் கேரளத்திற்கு வந்து அதே முறையில் மணந்தால் அத்திருத்தத்தின் பாதுகாப்பு இல்லை.

மரபுகளுக்குள் நின்று வாதிட வேண்டும் என்னும் இவ்வாதத்திற்கு, மதச்சார்பற்ற நீதிபதி மத நூலுக்குப் பொருள் கூறலாமா என்ற மறுப்பு எழும். கிருஷ்ணய்யரின் 1970ஆம் ஆண்டுத் தீர்ப்பு கோட்பாட்டை ஆணையிடவில்லை. நாடாளுமன்றச் சட்டத்தைப் பொருள்கொள்ள மரபைச் சான்றாக நாடியது. அவ்வழியிலும் எழுத்து மரபும் நிறுவனமும் உள்ள சமயங்களே பயனடைகின்றன என்பது உண்மையான குறை. அதனை ஈடுகட்ட, சட்ட ஆணையங்கள் ஆயர் இல்லங்களிலும் சமய அமைப்புகளின் தலைமையகங்களிலும் கருத்துக் கேட்பதோடு நில்லாமல், 2015இல் தொழிற்சங்கத் தலைமைகளையே ஒதுக்கி மூணாற்றில் தங்கள் வாதத்தைத் தாங்களே முன்வைத்த பெண் தொழிலாளர்களைப் போன்றோரிடமும் அவர்களது மொழியில் கேட்க வேண்டும். கருவைச் சுமப்பவரும், படுக்கையில் கிடப்பவரும், மணம் முடிப்பவரும் தத்தம் சமயத்தின் உறுப்பினரே என்பதால், அவர்களது சொல்லும் சமயச் சொல்லாகவே கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.