விராலுக்குச் சாம்பல், கெளுத்திக்குப் புளி

போன ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து அக்கா பையன் வந்திருந்தான். ஏரியில பிடிச்ச கெண்டை ரெண்டு கிலோ வாங்கி வச்சிருந்தேன். பார்த்துட்டு, "மாமா, முள்ளே இல்லாம சதையா வெட்டிக் குடுங்க, கொழந்தைக்கு ஆகும்"னான். எங்க வீட்டம்மா சிரிச்சுட்டாங்க. அவன் கேட்டதுல தப்பில்ல. கடையில பொட்டலத்துல அப்படித்தான் வருது. ஆனா எங்க ஊர்ல எந்த மீனை எப்படி ஆயணும்னு முடிவு பண்ணினது ஏரி. ஏரி மாறினப்போ மீன் மாறிச்சு, மீன் மாறினப்போ ஆயற விதமும் மாறிச்சு. அந்தக் கதையை இன்னிக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

ஒரகடம் கூட்ரோட்டிலேர்ந்து வாலாஜாபாத் வழியா போனா உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டுன்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919, 921 வருஷங்கள்ல வெட்டினது. அதுல ஏரி வாரியம்னு ஒரு குழு வருது. ஏரியைப் பார்த்துக்க ஆறு பேர், வருஷா வருஷம் சீட்டு எடுத்துத் தேர்ந்தெடுக்கணும். பழைய கல்வெட்டுகள்ல பாசிப்பாட்டம்னு இன்னொரு சொல்லும் வரும். ஏரியில மீன் பிடிக்கறதுக்குக் கட்டற பணம் அது. இன்னிக்கும் எங்க பக்கம் 'மீன்பாசி ஏலம்'னுதான் சொல்றோம். ராஜா போய், வெள்ளைக்காரன் போய், சிப்காட் வந்த பிறகும் அந்தப் 'பாசி' மட்டும் போகல.

நான் சின்னப் பையனா இருந்தப்போ பங்குனி, சித்திரையில ஏரித் தண்ணி முழங்காலுக்கு இறங்கும். குத்தகைக்காரர் வலை வாரி முடிச்சதும் ஊர் சனம் மொத்தமும் கூடையோட சேத்துல இறங்கும். இருளர் வீட்டு ஆளுங்க வலையே இல்லாம கையாலயே கெளுத்தியைத் தூக்குவாங்க. அன்னிக்கு சாயங்காலம் எல்லா வீட்டு வாசல்லயும் ஆயற வேலைதான்.

எங்க ஆயாவுக்கு ஒவ்வொரு மீனுக்கும் ஒரு முறை உண்டு. விரால் வழவழன்னு நழுவும். வெளிக்காத்தை சுவாசிக்கிற மீன், தண்ணியை விட்டு எடுத்தாலும் மணிக்கணக்கா உயிரோட இருக்கும். முதல்ல தலையில ஒரே போடு. அப்புறம் அடுப்புச் சாம்பலை அள்ளித் தடவினா கைக்குப் பிடி கிடைக்கும், கொழகொழப்பும் சாம்பலோட வந்துடும். சொரசொரப்பான கல்லுல வாலிலேர்ந்து தலைப் பக்கமா தேய்ச்சா செதில் மொத்தமும் போயிடும்.

கெளுத்திக்கு செதிலே கிடையாது, ஆனா முள்ளு குத்தினா ராத்திரி முழுக்க கடுக்கும். அதனால முதுகு முள்ளையும் ரெண்டு பக்கத்து முள்ளையும் முதல்ல ஒடைக்கணும், மத்ததெல்லாம் அப்புறம். ஒடைச்சதும் கரைச்ச புளிச் சக்கையும் கல்லுப்பும் போட்டுத் தேய்ப்பாங்க. சேத்து வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின்னு ஒரு பொருள்னு பின்னாடிதான் படிச்சேன். தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கிற நுண்ணுயிர்ங்க உண்டாக்கறது. முதல் மழைக்குக் கிளம்பற மண்வாசனையும் அதேதான். புளிப்பு பட்டா அது அடங்கிடும். ஆயாவுக்கு அந்தப் பேரு தெரியாது, புளி தெரியும்.

எந்த மீனானாலும் ஒரு எச்சரிக்கை பொது. வயித்தைக் கீறும்போது பித்தப்பை உடையக் கூடாது. உடைஞ்சா அந்த இடமெல்லாம் கசக்கும். அருவாமனையில ஆயாவோட கை அந்த இடத்துல மட்டும் மெதுவாப் போகும்.

இப்ப ஏரியில இருக்கற மீன்ல பாதி வெளியூர்க்காரங்க. ஜிலேபிக் கெண்டை 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தது, சொந்த ஊர் ஆப்பிரிக்கா. தாய் மீன் குஞ்சை வாயிலயே வச்சுக் காப்பாத்தும், அதனால சீக்கிரம் ஏரியை நிரப்பிடுச்சு. கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன். ஓடற ஆத்துலதான் முட்டை போடும், குட்டையில போடாது. 1957 ஜூலை 10-ல ஒடிசாவுல ஹிராலால் சௌத்ரிங்கற விஞ்ஞானி ஊசி போட்டு கெண்டை இனத்தை முட்டை போட வச்சார். அதுக்கப்புறம்தான் குஞ்சு வாங்கி ஏரியில விடறது பெரிய அளவுல நடந்தது. அந்த ஜூலை 10-தான் இப்ப தேசிய மீன் விவசாயிகள் தினம்.

இந்தப் புது மீனுங்களுக்குப் பெரிய செதில், தடிச்ச முதுகு முள்ளு. சாம்பலுக்கு வேலை இல்லாம கத்திக்கு வேலை வந்தது. 2006-ல வந்த ஆட்சி இலவச கேஸ் அடுப்பு கொடுத்ததும் வீட்டுல சாம்பலே இல்லாமப் போச்சு. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில கார் ஓடி வர ஆரம்பிச்சது, 2010-ல ஒரகடத்துலயும் கார். ஷிப்டுக்குப் போற பொண்ணுங்களுக்குக் கல்லுல உட்கார்ந்து தேய்க்க நேரம் ஏது? கடையிலயே வெட்டி வாங்கறாங்க. அதை நான் குத்தமாச் சொல்ல மாட்டேன்.

கார் கம்பெனிங்களோட ஜப்பான்காரங்களும் வந்தாங்க. என் தம்பி மகன் அவங்க சாப்பிடுற ஒரு ஓட்டல்ல சமையல் கத்துக்கிட்டான். அங்க மீனை மூணாப் பிரிப்பாங்களாம். ரெண்டு பக்கத்துச் சதை ரெண்டு, நடு எலும்பு ஒண்ணு. மீன் துடிச்சு சாகக் கூடாதுன்னு மூளையில ஊசி மாதிரி குத்துவாங்களாம். துடிச்சா சதை கெட்டுடும்னு கணக்கு. "நம்ம ஆயா விரால் தலையில போட்டதும் இதுதானே பெரியப்பா"ன்னான். ஆமாம்டா, இதுதான்.

இனி அக்கா பையனுக்கு பதில். விராலுக்கு நடு முள்ளை எடுத்துட்டா ஏறக்குறைய முடிஞ்சது வேலை. கொழந்தைக்கு அதுதான் சரி. கெண்டை இனம் அப்படியில்ல. சதைக்குள்ளயே கவட்டை மாதிரி பொடி முள்ளு இருக்கும். நடு எலும்பை எடுத்தாலும் அது போகாது. சதையை நெருக்க நெருக்கமாக் கீறி நல்லா வறுத்தா முள்ளு முறுகித் தெரியாமப் போகும், இல்லன்னா பெரிய துண்டாப் போட்டுப் பொறுமையாத் தின்னணும்.

அவனுக்கு நான் விரால்தான் குடுத்திருக்கணும். இப்ப எங்க ஏரியில விரால் கிடைக்கறது குறைஞ்சு போச்சு. வரத்துக் கால்வாய் ரெண்டு இடத்துல மனையா மாறிடுச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஆப்பிரிக்கக் கெளுத்தி வேற வலையில விழுது. அது 2000-லயே அரசாங்கம் தடை பண்ணின மீன், மத்த மீன் குஞ்சையெல்லாம் தின்னுடும்.

வழவழப்புக்குச் சாம்பல் உண்டு. சேத்து வாசனைக்குப் புளி உண்டு. பித்து உடையாம இருக்கக் கைப் பக்குவம் உண்டு. ஆனா ஈயம், பாதரசம் மாதிரி ஏதாவது தண்ணியில கலந்து மீன் சதைக்குள்ள போயிடுச்சின்னா, எந்தக் கல்லுல தேய்ச்சாலும் வெளிய வராது. அந்த மீனை சுத்தம் பண்ண ஒரே வழி, ஏரியை சுத்தமா வச்சுக்கறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி அதுக்குன்னே ஆறு பேரை உட்கார வச்சிருந்தாங்க. வர்ற கிராமசபையில எங்க ஏரிக்கும் ஆறு பேர் கேட்கப் போறேன். மீன்பாசிப் பணத்துல கால்வாயை அளந்து கல் நடணும்னும் கேட்பேன்.

ஆயாவோட கல்லு இன்னும் கிணத்தடியில கிடக்குது. நடுவுல தேஞ்சு பள்ளமா இருக்கும். அடுத்த தடவை வரும்போது விரால் கிடைச்சா, பையனையே உட்கார வச்சுத் தேய்க்கச் சொல்லணும். சாம்பல் நான் எடுத்து வைக்கறேன்.