உப்பு வந்த பாதை

 

கடந்த விடுமுறையில் நாங்கள் ஆசிரியர்கள் சிலர் குடும்பத்தோடு ஒரு வேன் பிடித்து, பதுளையிலிருந்து பொத்துவில் கடலுக்குப் போய்வந்தோம். நேர்வழியில் போனால் அரை நாள் ஓட்டம். நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். பசறை, லுணுகலை, பிபிலை, மெதகம, மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகல என்று சுற்றி, நின்று நின்று போனோம்.

காரணம் ஒரு கேள்வி. எங்களில் ஒருவரின் வகுப்பில் 1818 கிளர்ச்சி பற்றிய பாடம் நடந்தபோது ஒரு பிள்ளை எழுந்து, "சேர், அந்த நேரம் நாங்க வெள்ளைக்காரன்ட பக்கமா?" என்று கேட்டதாம். "நாங்க" என்றால் முஸ்லிம்கள். மணி அடித்துவிட்டது, பதில் சொல்லப்படவில்லை. அது நடந்த மண்ணைக் கடந்து போனால் பதில் கிடைக்கலாம் என்று நினைத்தோம்.

பதுளையை விட்டு இறங்கும் முன் புனித மாற்கு தேவாலயத்துக்குள் போனோம். அங்கே மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவுக் கல் இருக்கிறது. பதுளையை நிர்வகித்தவர், ஊவாவில் பாதைகள் போட்டவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் காலத்துப் பாதைகளில் கோப்பி இறங்கியது. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலை இறங்கியது. 1924இல் ரயிலும் பதுளைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளையர் போட்ட பாதையாகட்டும், தண்டவாளமாகட்டும், எல்லாம் கொழும்புத் துறைமுகத்தைப் பார்த்தே கிடக்கின்றன. மலையில் விளைந்ததைக் கப்பலில் ஏற்றுவதுதான் அவற்றின் வேலை.

பசறையில் பிளேன்டி குடிக்க நின்றோம். சுற்றிலும் தேயிலை, மேலே நமுனுகுல மலை. எங்களோடு ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியையும் அவருடைய தாயாரும் வந்திருந்தார்கள். தாயாருக்கு எழுபது கடந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். அவருடைய பாட்டனார் காலத்து ஆட்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலை ஏறியவர்கள். அந்த வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாட்டில் இடமில்லை என்றது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று. தாயாரின் அண்ணன் குடும்பம் அப்போது தலைமன்னார் வழியாகக் கப்பல் ஏறியது. "நாங்க ஸ்டேசன் வரைக்கும்தான் போனோம். கப்பல பாக்கல" என்றார்.

லுணுகலையைத் தாண்டினால் பாதை கீழே இறங்குகிறது. குளிர் விடுகிறது, தேயிலை முடிந்து காடும் வயலும் வருகின்றன. இதுதான் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அன்றிரவு பிபிலையில் தங்கினோம்.

ஆங்கிலேயர் வருமுன் இந்த மலைக்கு வேறொரு பாதை இருந்தது. அது கிழக்கே கடலைப் பார்த்தது. கண்டி இராச்சியத்தில் அரிசி விளையும், பாக்கு விளையும், உப்பு விளையாது. 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்து மேலே வந்தே ஆகவேண்டும். அவற்றைக் கொண்டுவந்தது பொதிமாடு. சிங்களத்தில் இதைத் தவலம் என்பார்கள். மாட்டின் முதுகில் இரு பக்கமும் மூட்டை தொங்க, வரிசையாகக் காட்டுக்குள் நடக்கும் கூட்டம். அரசனுடைய போக்குவரத்துக்கென்றே மடிகே என்றொரு பகுதி இருந்தது. அதில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் முஸ்லிம்கள். 1626இல் போர்த்துக்கேயர் கரையிலிருந்து விரட்டியபோது செனரத் மன்னன் இடம் கொடுத்துக் குடியேற்றிய மக்களின் சந்ததிகளும் அவர்களில் இருந்தார்கள். சிங்களக் கிராமத்துக்கு உப்பு வேண்டும், தவலக்காரனுக்கு நெல்லும் பாக்கும் இரவு தங்க ஒரு மடுவமும் வேண்டும். ஒருவரில்லாமல் மற்றவருக்கு நடக்காது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வெல்லஸ்ஸ முஸ்லிம்களை அதுவரை ஆண்டவர் அந்தப் பகுதியின் திசாவை. ஆங்கிலேயர் அந்த அதிகாரத்திலிருந்து முஸ்லிம்களைப் பிரித்தெடுத்து, ஹாஜி மரிக்கார் என்பவரைத் தனி முகாந்திரமாக நியமித்தார்கள். திசாவைக்கு அது அவமானம். பொதி சுமக்கும் மாடுகளும் காட்டுப் பாதை தெரிந்த ஆட்களும் நேரடியாகத் தங்கள் கைக்கு வருவது ஆங்கிலேயருக்கு இலாபம். 1817இல், தான் கண்டி அரச குடும்பத்தவன் என்று சொல்லி ஒருவர் இந்தக் காட்டில் தோன்றினார். அவரைப் பிடிக்க ஹாஜி மரிக்காரை அனுப்பினார்கள். அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அடுத்துப் போன பதுளை அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனும் செப்டெம்பரில் அம்பு பட்டு இறந்தார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சிக்காரர் பக்கமே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆளுநர் பிரவுன்றிக்கின் படை ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் வீடுகளை எரித்தது, நெல்லை அழித்தது, மாடுகளைக் கொன்றது. இலட்சம் வயல் காடானது.

அன்றிரவு எங்களுக்குள் நீண்ட பேச்சு. ஹாஜி மரிக்கார் ஆங்கிலேயரின் பதவியை ஏற்றார் என்பது உண்மை. அதை மறைத்துப் பாடம் நடத்தக்கூடாது. ஆனால் முகாந்திரம் பதவி வேண்டும் என்று தவலக்காரன் ஒவ்வொருவனும் கேட்கவில்லை. பதவியை வைத்து ஒரே பாதையில் நடந்தவர்களை இரண்டு பக்கமாகப் பிரித்தது ஆங்கில ஆட்சி. அன்று ஆங்கிலேயரிடம் பதவி வகித்த சிங்களப் பிரதானிகளும் இருந்தார்கள். அதற்காகச் சிங்களப் பிள்ளை யாரையும் நாம் கேள்வி கேட்பதில்லை. "பக்கம் என்று ஒன்றை உண்டாக்கியவன் யார் என்று பார், மகன்" என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லப்போகும் பதில். அவனுடைய வாப்பாவின் கடைக்கு முன்னால் யாராவது கூட்டம் போட்டுப் பழைய கதை பேசும் நாளில் அவனுக்கு இது உதவும்.

அடுத்த நாள் மொனராகலை கடந்து, லகுகல குளத்தருகே நின்று, அஸருக்குப் பிறகு பொத்துவிலுக்கு வந்தோம். 2004 சுனாமி அடித்த கரை இது. அலைச்சறுக்கு விளையாட வரும் வெள்ளையர்கள் நிறைந்த அறுகம்பையை விட்டு, தெற்கே ஆளில்லாத ஒரு மணல் கரைக்குப் போனோம். தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கினார். வாழ்வில் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்தார். "அடியாத்தே, என்னா உப்பு!" என்று சிரித்தார். அந்த உப்பு ஒரு காலத்தில் மாட்டின் முதுகிலேறி அவர் பிறந்த மலைக்கே வந்தது என்று சொன்னோம். "அப்ப நாம அவ்வளவு தூரத்துல இல்ல" என்றார்.

எங்கள் பிள்ளைகள் கிரேக்க நாட்டு மலைக் கிராமங்களையும் மறைவான கடற்கரைகளையும் கைபேசியில் பார்த்து ஏங்குகிறார்கள். அழகான இடங்கள்தான். அங்கே சாகோரி என்ற மலைப்பகுதியில் கோவேறு கழுதைகள் பொதி சுமந்து நடந்த கற்பாதைகளையும் கற்பாலங்களையும் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. நாங்கள் இரண்டு நாள் வந்த வழியில் தவலம் நடந்தது என்று சொல்லும் ஒரு பெயர்ப்பலகையைக்கூடப் பார்க்கவில்லை.

பலகை வைக்க எங்களிடம் அதிகாரமில்லை, எழுதி வைக்கலாம். உங்கள் ஊரில் மாடு அவிழ்த்த இடம், தண்ணீர் காட்டிய ஓடை, மூத்தவர்கள் சொல்லும் பழைய வழியின் பெயர் எது இருந்தாலும், முஸ்லிம், சிங்கள, தமிழ்ப் பெரியவர்கள் எல்லோரிடமும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த தவணையில் அந்தப் பிள்ளையின் வகுப்பிலேயே ஒரு வரைபடம் கீறத் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.