செலவும் செல்லாக்காசும்: திருவிதாங்கூர் எல்லையில் ஒரு சொல்லின் வரலாறு

தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எண்ணுப்பெயர்களையும் அளவைச் சொற்களையும் திரட்டிக்கொண்டிருந்தேன். லயத்து வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "காசு பத்தித்தான கேக்குறீங்க, இருங்க தம்பி" என்று எழுந்து உள்ளே போனார். வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு செப்புக்காசை எடுத்துவந்து என் கையில் வைத்தார். சங்கு முத்திரை பொறித்த திருவிதாங்கூர்ச் சக்கரம். "எங்க அப்பாயி ஊருக்குப் போறப்ப கொண்டுபோன காசு. போடியில செல்லாதுன்னுட்டாங்களாம். அப்படியே திரும்பக் கொண்டாந்துருச்சு" என்றார்.

அன்று என் குறிப்பேட்டில் 'சக்கரம் - பழைய நாணயம்' என்று மட்டும் எழுதினேன். பின்னர் அக்குறிப்பைப் படித்தபோது, நான் தவறவிட்ட சொல் 'செல்லாது' என்பது எனத் தோன்றியது. போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலேயும் கீழேயும் தமிழ்தான் பேசப்பட்டது, உறவுமுறையும் ஒன்றே. ஆயினும் காசு மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. ஏன்?

இன்று பாலக்காடு, இடுக்கி எனக் கேரளத்தின் இரு மாவட்டங்களாக நாம் காணும் நிலப்பகுதி, 1949 வரை மூன்று ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே புழங்கியது பிரிட்டிஷ் இந்திய ரூபாயும் அணாவும். அதை அடுத்த சித்தூர், கொச்சி அரசுக்கு உரியது. கொச்சிக்குப் 'புத்தன்' என்ற தனி நாணயம் இருந்தது. அது வழக்கொழிந்தபின் பிரிட்டிஷ் ரூபாயே அங்கும் நிலைபெற்றது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. பாலக்காட்டிலிருந்து சித்தூர், பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூருக்குப் புறப்பட்ட ஒருவர், மலபார், கொச்சி, கோயம்புத்தூர் மாவட்டம், திருவிதாங்கூர் என நான்கு நிருவாகங்களைக் கடந்தார். வழிநெடுகத் தமிழ் புரிந்தது. ஆனால் சின்னாற்றைத் தாண்டியதும் விலை சொல்லும் முறையே மாறிப்போனது.

திருவிதாங்கூரின் கணக்கு முறை பின்வருமாறு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு ரூபாய். இதற்குச் சர்க்கார் ரூபாய் என்று பெயர். அரை ரூபாய், கால் ரூபாய் வெள்ளி நாணயங்கள் அச்சிடப்பட்டபோதிலும், ரூபாய் என்பது பெரும்பாலும் கணக்கேட்டில் வாழ்ந்த அலகுதான். மக்கள் கையில் புழங்கியது சக்கரமே. பழைய வெள்ளிச் சக்கரம் மிளகைவிடச் சற்றே பெரியது. அதை விரலால் எண்ணுவது கடினம் என்பதால் சக்கரப் பலகை என்ற கருவி பயன்பட்டது. மரப்பலகையில் வரிசையாகக் குழிகள் இருக்கும். காசுகளைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக அமரும். மிகுந்ததை வழித்தெடுத்தால் எண்ணிக்கை தானே கிடைத்துவிடும். செப்புச் சக்கரம் பின்னர் வந்தது.

இங்கேதான் சிக்கல். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்குத் திருவிதாங்கூரில் நிருணயிக்கப்பட்ட மதிப்பு 28½ சக்கரம். சர்க்கார் ரூபாயோ 28 சக்கரம். இரண்டுக்கும் ரூபாய் என்றே பெயர். இடைவெளி அரைச் சக்கரம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். 10 சர்க்கார் ரூபாய் 280 சக்கரம். 10 பிரிட்டிஷ் ரூபாய் 285 சக்கரம். மலையில் பத்து ரூபாய் என்று எண்ணியது, அடிவாரத்தில் ஏறக்குறைய 9 ரூபாய் 13 அணாவாகிவிடும். இது அரசு விகிதப்படியான கணக்கு மட்டுமே. சராப்பு எனப்பட்ட நாணய மாற்றுக்காரர் தமக்குரிய வட்டத்தை, அதாவது கழிவை, இதற்கு மேல் எடுத்துக்கொள்வார்.

சில்லறையில் சிக்கல் இன்னும் கூடுதல். 28½ சக்கரத்தைப் 16 அணாவால் வகுத்தால், ஓர் அணாவுக்கு 1 சக்கரம் 12½ காசு வருகிறது. அரைக் காசுக்கு நாணயம் இல்லை. ஆகவே ஓர் அணாவைச் சரியாகச் சக்கரத்தில் கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஒவ்வொரு சிறு பரிமாற்றத்திலும் யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெருந்தொகையை மாற்றிய வணிகருக்கு இது கணக்கேட்டின் ஒரு வரி. சில சக்கரங்களை மட்டுமே முந்தானையில் முடிந்துவைத்திருந்தவருக்கு, அந்த விட்டுக்கொடுத்தல் கையிருப்பில் கணிசமான பங்கு. எல்லையின் விலையை மிகுதியாகக் கொடுத்தவர்கள் சில்லறையோடு நடந்தவர்களே.

இந்த இடைவெளி எல்லோர் கண்ணிலும் படாமல் இருந்துவிடவில்லை. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை, இவற்றிடையே சுங்கத் தடைகளைப் பெரும்பாலும் நீக்கியது. 1876இல் சுதேச சமஸ்தானங்களின் நாணயம் குறித்த சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சமஸ்தானங்கள் தம் நாணயத்தைப் பிரிட்டிஷ் நாணயச்சாலையில் அதே எடையிலும் தரத்திலும் அச்சிட்டுக்கொள்ளலாம். அவ்வாறு அச்சிட்டவை பிரிட்டிஷ் இந்தியாவிலும் செல்லும் என்பது அதன் சாரம். அல்வர், தார், தேவாஸ், பிகானேர் போன்றவை இதை ஏற்றன. திருவிதாங்கூர் தன் சக்கரத்தையே வைத்துக்கொண்டது. சரக்குக்குத் திறந்த எல்லை, சில்லறைக்குத் திறக்கவில்லை.

அந்த எல்லையில்தான் பெருந்திரளான மக்கள் நடக்கத் தொடங்கினர். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். தொடர்ந்து எழுந்த தோட்டங்களுக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடி வழியாக வெளியுலகம் போனது. அதே மலைச்சரிவில் ஆட்கள் நடந்தே ஏறினர், நடந்தே இறங்கினர். ஆக, திருவிதாங்கூரில் உழைப்பும் சென்னை மாகாணத்தில் குடும்பமும் என்ற இரட்டை வாழ்வு அமைந்தது. அரசுக்குரிய அஞ்சலும் இப்படியே பிரிந்திருந்தது. திருவிதாங்கூர் தன் 'அஞ்சல்' துறைக்கு 1888 முதல் சக்கர மதிப்பில் தலைகளை வெளியிட்டது. இன்று தமிழில் பொதுச்சொல்லாகிவிட்ட அந்த 'அஞ்சல்' கொண்ட தலையை ஒட்டித் திருநெல்வேலிக்குக் கடிதம் அனுப்ப இயலாது. அதற்கு இந்தியத் தபால் தலை வேண்டும். அதை வாங்க அணாக் கணக்கு தெரிய வேண்டும்.

இனி, மூதாட்டி சொன்ன சொல்லுக்கு வருகிறேன். தமிழ் ஒரு நாணயத்தின் ஏற்புடைமையைச் 'செல்' என்ற வினையால் குறிக்கிறது. செல்லும், செல்லாது, செல்லுபடி, செல்லாக்காசு ஆகிய அனைத்திற்கும் அடி ஒன்றே. 'செலவு' என்பதும் அதே அடியில் பிறந்தது. பழந்தமிழில் செலவு என்றால் பயணம். அகத்திணை மரபில் பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் பயணத்தை நிறுத்தித் தயங்குவதைச் 'செலவழுங்கல்' என்பர். பயணத்தைக் குறித்த சொல், காலப்போக்கில் பணம் கையைவிட்டுப் போவதைக் குறிக்கலாயிற்று. பொருளுக்காகப் போவதும் பொருள் போவதும் நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

மலையாளத்திலும் 'செலவு' உண்டு. ஆயினும் செல்லாக்காசுக்கு அங்கே வழங்கும் தொடர் 'எடுக்காத்த நாணயம்' என்பது. யாரும் வாங்கிக்கொள்ளாத நாணயம் என்று பொருள். தமிழ்த் தொடர் காசின் பக்கம் நின்று, அது மேலே நகரவில்லை என்கிறது. மலையாளத் தொடர் வாங்குபவரின் பக்கம் நின்று, அவர் கைநீட்டவில்லை என்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் எல்லையில் நிகழ்ந்தது முழுமையாகப் புலப்படும். காசின் உலோகம் மாறவில்லை, எடை குறையவில்லை. அதை எடுத்துக்கொள்ள வேண்டிய கடமை எதிரில் இருந்தவருக்கு இல்லை; அவ்வளவே. போடியில் ஒரு கடைக்காரர் சக்கரத்தை வாங்கினால், அதை மீண்டும் மலையேற்றி அனுப்பினால்தான் அவருக்குப் பயன். அந்தச் சிரமத்திற்கான விலையைக் கழித்துக்கொள்வது அல்லது 'செல்லாது' என்று மறுப்பது, இரண்டில் ஒன்றுதான் அவரால் இயலும்.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அஞ்சல் தலைகளில் சக்கர மதிப்பின்மேல் அணா மதிப்பு அச்சேறியது. விரைவில் சக்கரம் தன் சொந்த மண்ணிலும் செல்லாக்காசாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் கோரிய தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மலபாரோடு பாலக்காடு கேரளத்திற்கு வந்தது. நாணயம் ஒன்றான பிறகே எல்லை மொழியின் பெயரால் வரையப்பட்டது என்பது கவனத்திற்குரியது. குமரி மாவட்டத்துப் பேச்சுத் தமிழில் பணத்தைச் 'சக்கரம்' என்னும் வழக்கு அதற்குப் பின்னும் தொடர்ந்தது. காசு நின்ற இடத்தைத் தாண்டிச் சொல் சென்றிருக்கிறது.

இது ஒரு மலைச்சரிவின் கதை மட்டுமன்று. ஜப்பானிய ஆட்சிக்காலத்து மலாயாவில் வாழைமரப் படத்தோடு வெளிவந்த 'வாழை நோட்டு', 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் மதிப்பிழந்தது; அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர்களின் சேமிப்பும் அதனோடு போயிற்று. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. அவையும் ரூபாய்தான், ஆனால் இந்தியாவுக்குள் செல்லா. 2018 டிசம்பரில் நேபாளம் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களைத் தடைசெய்தபோது, இந்தியாவில் உழைத்துத் திரும்பிய நேபாளிகள் அதே சொல்லைத் தம் மொழியில் கேட்டிருப்பார்கள். சர்க்கார் ரூபாயும் பிரிட்டிஷ் ரூபாயும் போல, ஒரே பெயர் இரு மதிப்பைத் தாங்கி நிற்கும் இடங்களிலெல்லாம் அந்த இடைவெளியை நிரப்புவது பயணிப்பவரின் கூலியே.

நாணயவியல் நூல்கள் சக்கரத்தின் எடையையும் உலோகத்தையும் முத்திரையையும் நன்கு பதிவுசெய்துள்ளன. அது எந்த ஊர்க் கடையில் நின்றுபோனது என்பது பெரும்பாலும் வாய்மொழியில்தான் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். கம்பம், குமுளி, மறையூர், வட்டவடை, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளைச் சேர்ந்த மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சக்கரம், பணம், புத்தன், துட்டு ஆகிய சொற்களைக் கேட்டுப்பாருங்கள். பொருளை மட்டும் கேட்காதீர்கள். அந்தக் காசு எங்கே சென்றது, எங்கே செல்லவில்லை என்று கேளுங்கள். கிடைக்கும் விடையை ஊரும் சொல்லும் சொன்னபடியே குறித்துவையுங்கள்.

அந்தச் செப்புச் சக்கரத்தை நான் திருப்பிக் கொடுத்தபோது, மூதாட்டி அதை முந்தானையில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "செல்லாதுன்னா என்ன, நடந்து வந்த காசுல்ல" என்றார்.