மரநெகிழிக் கலப்புப் பலகை

மரத்தூளையோ உமியையோ உருக்கிய நெகிழியோடு பிசைந்து அச்சின் வழியே பிதுக்கிச் செய்யும் பலகை இது. சென்னைக் கடைகளில் டபிள்யூ.பி.சி. என்றே கேட்டு வாங்குகிறார்கள். லியோ பேக்லாண்ட் 1907இல் கண்ட பேக்கலைட்டிலேயே மரத்தூள் சேர்ந்தது. ஆனால் அது ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாது. இளகும் நெகிழியான பாலிப்புரொப்பிலீனில் ஏறக்குறையப் பாதி மரத்தூள் கலந்து காரின் உட்புறத் தகடுகள் செய்வது 1983இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தொடங்கியது. 1990களில் அதே முறையில் திறந்தவெளித் தளப் பலகைகள் வந்தன. இந்தியாவில் மாற்றுப் பலகைகளுக்கு வழிவிட்டவற்றுள் ஒன்று, காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி 1996 டிசம்பர் 12இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் பர்மாத் தேக்கில் நிலை வைத்தார்கள். தியாகராய நகர் அடுக்ககத்தில் தலைவாசலோடு தேக்கு நின்றுவிடுகிறது, குளியலறைக்கு டபிள்யூ.பி.சி. வருகிறது. சிக்கனம் மட்டுமே இதற்குக் காரணமன்று.

இப்பொருளில் நீரைத் தடுப்பது நெகிழி, விறைப்பைத் தருவது மரத்தூள். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். ‘மக்கவே மக்காது’ என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் இத்தகைய பலகை நடைபாதையில் பூஞ்சை பற்றியிருந்ததை மாரிஸ், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1998இல் பதிவுசெய்தனர். நெகிழி முழுதாகப் போர்த்தாத மேற்பரப்புத் துகள்கள் ஈரம் குடிக்கின்றன. அப்படியானால் சென்னையின் ஈரத்துக்கும் இது ஆகாதே எனலாம். இங்கே கதவாக விற்பது பெரும்பாலும் வேறு வகை: நுரைத்த பி.வி.சி.யில் மரத்தூள் குறைவு, கரையானுக்கும் அதில் இரை இல்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தபோது பிளைவுட் ஊதிப் பிரிந்ததைக் கண்டவர்களுக்கு ஈரம் குடிக்காத இந்தக் குணத்தின் மதிப்பு தெரியும்.

அதற்காக இதை மரத்தின் இடத்தில் எங்கும் வைத்துவிட முடியாது. தேக்கின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் தேறாது. நீண்ட நாள் பாரம் ஏற்றினால், புத்தக அலமாரித் தட்டானாலும், மெல்லத் தொய்யும். பி.வி.சி. 80 டிகிரி செல்சியஸ் அளவில் இளகும் என்பதால், மே மாத வெயில் நேரே விழும் மாடியில் கருநிறப் பலகை நெளிய இடமுண்டு. பாலிஎத்திலீன் வகையோ வெப்பத்தில் நீளவாக்கில் மரத்தைவிடப் பல மடங்கு விரியும். இடைவெளி விடாமல் முடுக்கினால் புடைக்கும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை, இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் சேதமானதைக் காட்டி, அங்கே கலப்புப் பலகை போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அங்கே மரம் மக்கவில்லை, அலை பெயர்த்தது. விறைப்பு குறைந்த பலகை அதைத் தாங்கியிருக்கும் என்று நம்ப வழியில்லை. கழிவு மரத்தூள் பயனாவதால் சூழலுக்கு நல்லது என்ற வாதமும் பாதிதான் செல்லும்: ஒரே வகைத் துண்டுகளை அரைத்து மறுபடி உருக்கலாம், ஆனால் வீடு இடிக்கையில் பெயிண்டும் பசையும் ஒட்டி வரும் பலகையிலிருந்து மரத்தையும் நெகிழியையும் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது.